சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்: லெவல் 9 கணினியை வெல்பவன் ஆன்லைனில் ஏன் தோற்கிறேன்?

கேள்வி: மாடிவீட்டு மாரியோ

வணக்கம். நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் சண்டை விளையாட்டான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டை இதுநாள்வரை தனியாகவே ஆடி வந்தவன் நான். வேர்ல்ட் ஆஃப் லைட் என்ற கதைப் பகுதியில் கலீம், டார்கான் என்ற இறுதி எதிரிகள் இரண்டையும் வீழ்த்தி உண்மையான முடிவுவரை பார்த்துவிட்டேன். எதிராளிகளை வரிசையாக வென்று போகும் கிளாசிக் மோடில் மாரியோவுக்கும் லிங்குக்கும் கடுமை அளவை 9.9 வரை ஏற்றி முடித்திருக்கிறேன். லெவல் 9 கணினி எதிராளியோடு மூன்று உயிர் ஆட்டம் போட்டால் பெரும்பாலும் ஓர் உயிராவது மிச்சம் வைத்துத்தான் ஜெயிக்கிறேன். அந்தத் தெம்பில் ஆன்லைன் சந்தா கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு இணைத்துவிடும் குவிக்பிளேயில் இறங்கினேன். இறங்கியதிலிருந்து அடிமேல் அடியாக விழுகிறது.

எதிரில் வருபவர்கள் எல்லாரும் பெரிய கைகாரர்கள் என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் அவர்களில் பலர் அங்குமிங்கும் உருண்டுகொண்டும், ஒரே எறிபொருளைத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டும்தான் ஆடுகிறார்கள். லெவல் 9 கணினி இவர்களைவிட எவ்வளவோ துல்லியமாகத் தடுக்கிறது, அடிக்கிறது. அப்படியிருந்தும் அதை வெல்ல முடிகிற எனக்கு இவர்களை வெல்ல முடியவில்லை.

குறிப்பாக இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறேன். மேடையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிவிட்டு மேலே ஏறும்போது எப்படியோ அடி வாங்கிவிடுகிறேன். அடுத்தது பெர்ஃபெக்ட் ஷீல்டு: அடி விழும் கணத்தில் ஷீல்டு பட்டனை விடும் அந்த உத்தி கணினியிடம் ஓரளவு கைகூடுகிறது, ஆன்லைனில் ஒருபோதும் கைகூடுவதில்லை. பட்டனை அழுத்திய பிறகு மாரியோ யோசித்துவிட்டு நகர்வதுபோல் ஒரு தாமதமும் தெரிகிறது. ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்து, வைஃபையில் ஆடுகிறேன்.

தனியாக ஆடிக் கற்றதெல்லாம் வீண்தானா, அல்லது இது முழுக்க இணைப்பின் கோளாறா? எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: விளிம்பில் தொங்குபவன்

நண்பருக்கு வணக்கம். நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. கணினி எதிராளி துல்லியமாகத் தடுக்கிறது என்கிறீர்கள். அந்தத் துல்லியம்தான் உங்களைத் தவறான இடத்தில் பழக்கிவிட்டது. கணினிக்குத் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வேலை கிடையாது. உங்கள் மாரியோ எந்த ஃப்ரேமில் (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) எந்த அடியைத் தொடங்கினான் என்பது விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் தகவல் என்பதால், மனிதக் கை எட்டாத வேகத்தில் அதனால் ஷீல்டு போட முடிகிறது. ஆனால் சென்ற உயிரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அது கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் இருபது முறை ஒரே மாதிரி ஏறினாலும் இருபத்தோராம் முறையும் அது புதிதாகத்தான் பார்க்கும்.

மனிதர்கள் இதற்கு நேர்மாறு. தடுப்பதில் கணினியைவிட மெதுவானவர்கள், ஆனால் உங்கள் பழக்கத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள். விளிம்பையே எடுத்துக்கொள்வோம். தொங்கும் நிலையிலிருந்து நேராக ஏறலாம், உருண்டு ஏறலாம், ஏறும்போதே அடிக்கலாம், குதிக்கலாம், பிடியை விட்டுக் கீழே இறங்கி மறுபடி மேலே வரலாம். எதிராளி விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஷீல்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். முதல் இரண்டு தடவை நீங்கள் உருண்டு அவருக்குப் பின்னால் போவதை வேடிக்கை பார்ப்பார். மூன்றாம் தடவை நீங்கள் விளிம்பைப் பிடித்ததுமே திரும்பி நின்று, உருண்டு முடிக்கும் இடத்தில் ஒரு ஸ்மாஷ் அடியை, அதாவது பலத்த அடியைத் தயாராகப் பிடித்து வைத்திருப்பார். இதற்கு அதிகத் திறமை தேவையில்லை, ஞாபகம் இருந்தால் போதும். அங்குமிங்கும் உருண்டுகொண்டிருப்பவரிடம் நீங்கள் தோற்பதற்குக் காரணம் இதுதான். அவர் ஆட்டம் அழகாக இல்லாமல் இருக்கலாம்; உங்கள் ஆட்டம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இதே சிக்கல் தரையிறங்கும்போதும் வரும். மேலே தூக்கி வீசப்பட்டதும் ஏர் டாட்ஜ் (காற்றிலேயே அடியிலிருந்து விலகுவது) போட்டுத் தரையிறங்குவது, தனியாக ஆடியவர்கள் அநேகமாக எல்லாரிடமும் இருக்கும் வழக்கம். அல்டிமேட்டில் டாட்ஜைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அதன் பாதுகாப்பு நேரம் குறைந்துகொண்டே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிராளி அந்த டாட்ஜ் முடியட்டும் என்றுதான் கீழே காத்துக்கொண்டிருப்பார்.

கற்றது வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். கை வேலை ஒன்று, முடிவெடுக்கும் வேலை வேறொன்று. கை வேலையைத் தனியாக இருந்துதான் பழக முடியும். டிரெயினிங் மோடில் தரையிலும் சுவரிலும் கட்டங்கள் போட்ட ஒரு மேடை இருக்கிறது. அதில் எதிராளியின் சேத விழுக்காட்டை (அடி வாங்க வாங்க ஏறும் எண்; ஏற ஏற அவர் தூரமாகப் பறப்பார்) நீங்களே வைத்துக்கொண்டு, அடி வாங்கியவர் எந்தப் பாதையில் பறப்பார் என்பதைக் கோட்டோடு பார்க்கலாம். மாரியோவின் கீழ் எறிதலிலிருந்து மேல் அடிகள் எந்த விழுக்காடுவரை தொடர்கின்றன என்பதை அங்கே போய்ப் பாருங்கள். இரண்டு ஜம்ப் பட்டன்களையும் ஒருசேர அழுத்தினால் குட்டைத் தாவல் பிசகாமல் வரும். அதையும் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். ஸ்டிக்கை மேலே தள்ளினாலே குதிக்கும் அமைப்பை அணைத்துவிடுவது நல்லது, மேல் அடி கொடுக்க நினைக்கும்போது தேவையில்லாமல் குதிப்பது நின்றுவிடும்.

லெவல் 9 கணினியோடு ஆடுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் வெல்வதற்காக ஆடாதீர்கள். ஒவ்வொரு முறை விளிம்பைப் பிடிக்கும்போதும் சென்ற முறை ஏறாத வழியில்தான் ஏறுவேன் என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை.

பதில் 2: கம்பி இணைப்பு

மேலே சொன்னவர் எதிராளியைப் பற்றிச் சொன்னார். நான் தாமதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெர்ஃபெக்ட் ஷீல்டு கைகூடாததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இந்த விளையாட்டு ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஆன்லைன் ஆட்டத்தில் இரண்டு கன்சோல்களும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அல்டிமேட் பின்பற்றுவது தாமத அடிப்படையிலான முறை: ஒரு ஃப்ரேமைக் காட்டுவதற்கு முன், அந்த ஃப்ரேமில் இருவரும் என்ன அழுத்தினார்கள் என்பது இரண்டு கன்சோலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதிராளியிடமிருந்து தகவல் வந்து சேர 60 மில்லிநொடி ஆகிறது என்றால், நீங்கள் அழுத்திய பட்டனும் ஏறத்தாழ நான்கு ஃப்ரேம் பிடித்து வைக்கப்பட்டுத்தான் செயலுக்கு வரும். மாரியோ யோசித்துவிட்டு நகர்வதாக நீங்கள் எழுதியது இதைத்தான். தகவல் அதற்கும் மேலாகப் பிந்தினால் ஆட்டமே இருவருக்கும் நின்று நின்று ஓடும்.

இதற்கு மாற்றான முறை ரோல்பேக். எதிராளியின் தகவலுக்காகக் காத்திருக்காமல், சற்றுமுன் அழுத்தியதையே அவர் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டுவது, ஊகம் பொய்த்தால் சில ஃப்ரேம் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு வருவது என்பதே அதன் வழி. டோனி கேனன் 2006-இல் வெளியிட்ட ஜிஜிபிஓ என்ற மென்பொருள் இந்த முறையைச் சண்டை விளையாட்டுகளில் பரவச் செய்தது. 2021-இல் வந்த கில்டி கியர் ஸ்டிரைவ், 2023-இல் வந்த ஸ்டிரீட் ஃபைட்டர் 6 இரண்டும் இப்படித்தான் இயங்குகின்றன. பல உலகக் கதாபாத்திரங்கள் மோதும் விளையாட்டே வேண்டும் என்றால், 2024-இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன் தொகுப்பில் 1990-களின் ஆட்டங்கள்கூட ரோல்பேக்கோடு ஓடுகின்றன. பின்னால் போய்த் திருத்துவது என்றால் முழு ஆட்ட நிலையையும் ஒவ்வொரு முறையும் மீட்டுக் கணக்கிட வேண்டும். நான்கு பேர், உருளும் பொருள்கள், அசையும் மேடைகள் எல்லாம் சேர்ந்த ஸ்மாஷ் ஆட்டத்தில் அது லேசான வேலை இல்லை. எப்படியாயினும் நமக்கு வாய்த்தது தாமத முறை, அதற்கேற்ப ஆட வேண்டியதுதான்.

இப்போது பெர்ஃபெக்ட் ஷீல்டுக்கு வருவோம். அதற்குக் கிடைக்கும் இடைவெளி 5 ஃப்ரேம், அதாவது 83 மில்லிநொடி. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி, அதாவது 15 ஃப்ரேம் ஆகும். மாரியோவின் முதல் குத்து இரண்டாவது ஃப்ரேமிலேயே பட்டுவிடுகிறது. ஆகவே வேகமான அடிகளுக்குப் பெர்ஃபெக்ட் ஷீல்டு என்பது எந்தக் காலத்திலும் பார்த்துச் செய்வது அன்று. இப்போது அடிப்பார் என்று ஊகித்துச் செய்வது. கணினி அடிக்கும் ஒழுங்கு உங்களுக்குப் பழகிவிட்டதால் அங்கே ஊகம் பலித்தது. ஆன்லைனில் ஒழுங்கும் மாறி, நான்கு ஃப்ரேம் தாமதமும் சேர்ந்தால் பலிக்காது. கேனன்டார்ஃபின் வார்லாக் பஞ்ச் போல, விழுவதற்கு ஒரு நொடிக்கும் மேல் எடுக்கும் அடியை ஆன்லைனிலும் பார்த்துத் தடுக்கலாம். மற்றவற்றுக்குச் சாதாரண ஷீல்டே போதும். மாரியோ மேலே எகிறிக் குத்தும் சூப்பர் ஜம்ப் பஞ்ச் ஷீல்டிலிருந்து நேராக வரும், மூன்றாம் ஃப்ரேமில் படும். எதிராளி உங்கள் ஷீல்டை ஒட்டி அடித்தால் உடனே அதைக் கொடுங்கள்.

ஒரே எறிபொருளைத் திரும்பத் திரும்ப விடுபவர்களைக் குறைவாக எடைபோட்டிருக்கிறீர்கள். தாமதம் கூடக் கூட, தூரத்திலிருந்து அடிப்பவருக்கும் நீண்ட வாள் வைத்திருப்பவருக்கும் கை ஓங்கும். அவர்கள் சூழ்நிலைக்கு ஏற்ற ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள். உங்களிடம் மாரியோவின் கேப் (மேலங்கி வீச்சு) இருக்கிறது, அதைக் கொண்டு எறிபொருளைத் திருப்பிவிடலாம். ஆனால் அதையும் பார்த்துச் செய்யாமல் ஊகித்துச் செய்யுங்கள்.

இணைப்பு விஷயத்தில் முதல் வேலை வைஃபையை விடுவது. ஓஎல்இடி மாடலின் டாக்கில் லேன் கேபிளுக்கு இடம் இருக்கிறது. பழைய டாக் என்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்க வேண்டும். பலரும் வேகமான பிளான் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். இந்த ஆட்டம் அனுப்பும் தகவல் மிகச் சிறியது, நூறு எம்பிபிஎஸ் இருந்தும் பயனில்லை. வேண்டியது தகவல் சீரான இடைவெளியில் போய்ச் சேர்வது. வைஃபை அதைத்தான் கெடுக்கிறது. ஸ்விட்ச்சின் அமைப்புகளில் இணைப்புச் சோதனை செய்தால் நேட் வகை (பிற கன்சோல்களோடு நேரடியாக இணைவதை உங்கள் ரௌட்டர் எவ்வளவு அனுமதிக்கிறது என்பது) என்று ஓர் எழுத்து காட்டும். ஏ அல்லது பி என்றால் கவலையில்லை, டி என்று வந்தால் பலரோடு இணைப்பே கிடைக்காது. ரௌட்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். டிவியில் கேம் மோடு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

பதில் 3: கெர்பி ரசிகை

நண்பர்கள் இருவரும் நன்றாக விளக்கியிருக்கிறார்கள். ஆனால் தனியாக ஆடுவதை ஆன்லைனுக்கான பயிற்சிக் கூடமாக மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அல்டிமேட்டில் தனியாட்டம் என்பது உள்ளே வைத்துக் கட்டப்பட்ட இன்னொரு விளையாட்டு.

வேர்ல்ட் ஆஃப் லைட்டில் நீங்கள் எதிர்கொண்ட ஸ்பிரிட் (வென்றால் நம் வீரருக்கு வலு சேர்க்கும் கதாபாத்திரம்) சண்டைகளை நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு பழைய விளையாட்டின் கதாபாத்திரத்தை, இருக்கும் வீரர்களையே வேறு நிறத்திலும் வேறு உருவ அளவிலும் நிறுத்தி, தரையில் நஞ்சையோ நெருப்பையோ பரப்பி உணர்த்திவிடுகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிரிட்டுகள். எந்தச் சண்டைக்கு எந்த ஸ்பிரிட்டைக் கட்டிக்கொண்டு போவது என்பது கை வேகத்தைவிட யோசனையைக் கேட்கும் கேள்வி. ஸ்டிரீட் ஃபைட்டர் விளையாட்டின் உலக வரைபடத்தைப் போலவே அமைந்த ஒரு பகுதி அதில் வருகிறது; டிராகுலாவின் கோட்டை வருகிறது; மான்ஸ்டர் ஹன்டரின் ரத்தலோஸ் ஒரு பெரும் எதிரியாக வந்து நிற்கிறது. வேறு வேறு நிறுவனங்களின் உலகங்கள் ஒரே மேடையில் கூடுகின்றன என்று சொல்வதன் பொருள் குவிக்பிளேயில் தெரிவதே இல்லை. அங்கே ஸ்டிரீட் ஃபைட்டரின் ரியூ என்பவர் வேகமான ஒரு எதிராளி, அவ்வளவுதான். கிளாசிக் மோடில் ரியூவை எடுத்துப் போனால் எதிராளிகளுக்கு விழுக்காட்டுக்குப் பதிலாக உயிர்ப்புள்ளிகள் வந்துவிடும், அவருடைய பழைய விளையாட்டில் இருந்ததைப் போலவே. காசில்வேனியா விளையாட்டின் சைமன் பெல்மான்டின் பாதை டிராகுலாவிடம் கொண்டுபோய் விடும். எங்கள் கெர்பியின் பாதை முழுக்கத் தின்பண்டம்தான், வேறென்ன இருக்கும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயக்குநர் மசாஹிரோ சகுராய் 1999-இல் நிண்டெண்டோ 64-க்குச் செய்த முதல் ஸ்மாஷில் தொடக்கத்தில் கிடைத்த எட்டு வீரர்களே 2018 டிசம்பரில் வந்த அல்டிமேட்டிலும் தொடக்கத்தில் கிடைக்கிறார்கள். மீதிப் பேரை ஒவ்வொருவராகச் சண்டையிட்டுச் சேர்ப்பதும், 2021 அக்டோபரில் கடைசியாக வந்த சோராவோடு மொத்தம் 89 பேர் ஆவதும் தனியாக ஆடியவருக்கே முழுதாகக் கிடைக்கும் அனுபவம். ஆன்லைனுக்கு ஆயுளும் உண்டு. 2008-இல் வந்த ஸ்மாஷ் பிரால் விளையாட்டின் ஆன்லைன் 2014-இல் நிறுத்தப்பட்டது. அதற்கடுத்த ஸ்மாஷ் வந்த வீ யூ, 3டிஎஸ் கன்சோல்கள் இரண்டின் ஆன்லைன் சேவையும் 2024 ஏப்ரலில் முடிந்தது. அந்த ஸ்மாஷ்களை இன்றைக்கும் எடுத்துத் தனியாக ஆடலாம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் இருவராகவும் ஆடலாம்.

ஆன்லைன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே தோற்பதனால் 9.9 கடுமையில் முடித்த கிளாசிக் மோடு மதிப்பிழந்துவிடாது என்றுதான் சொல்கிறேன். அந்த மோடில் ஒருமுறை விழுந்தாலும் கடுமை அளவு இறங்கிவிடும்; இறங்காமல் முடிப்பது எல்லாராலும் ஆவதில்லை.

மாடிவீட்டு மாரியோ

மூவருக்கும் மிக்க நன்றி. லேன் அடாப்டருக்குச் சொல்லிவிட்டேன். உருண்டு ஏறும் பழக்கம் எனக்கு இருக்கிறது என்பதை இதைப் படித்த பிறகுதான் கவனித்தேன். அடுத்த ஆட்டத்திலேயே அதை எதிராளி பயன்படுத்திக்கொண்டதையும் கண்ணால் பார்த்தேன். இன்னொரு சந்தேகம். குவிக்பிளேயில் ஜிஎஸ்பி என்று லட்சக்கணக்கில் ஓர் எண் காட்டுகிறதே, ஒரு தோல்விக்கு அது மளமளவென்று சரிகிறது. அந்த எண்ணை வைத்து என் தரத்தை மதிப்பிடலாமா? கெர்பி ரசிகை சொன்னதுபோல மனம் நோகாமல் ஆன்லைனில் பழக வேறு வழி உண்டா?

விளிம்பில் தொங்குபவன்

ஜிஎஸ்பி என்பது மதிப்பெண் அன்று, வரிசை எண். உலகம் முழுவதும் ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்கு மேலே நீங்கள் இருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. ஆடுகிறவர் தொகை கூடக் கூட எல்லாருடைய எண்ணும் ஊதிக்கொண்டே போகும் என்பதால், ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பு சொன்ன எண்ணோடு இன்றைய உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி எண் என்பதும் கவனிக்கத்தக்கது. மாரியோவின் எண் சரிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு புதிய ஏறும் வழியை முயன்று பார்க்கத் தயங்குகிறீர்கள் என்றால், வேறொரு வீரரை எடுத்துக்கொண்டு அவரோடு துணிந்து முயலுங்கள். இதற்காகவே என்னிடம் லுயிஜி ஒருவர் இருக்கிறார்; அவருடைய எண்ணை நான் பார்ப்பதே கிடையாது.

குவிக்பிளேயில் இன்னொரு தொல்லை, நீங்கள் விரும்பிய விதி எப்போதும் கிடைக்காது என்பது. விருப்ப விதி என்று நீங்கள் எழுதிவைப்பது ஒரு வேண்டுகோள்தான். எதிராளியின் விதிப்படியும் ஆட்டம் அமையலாம். அதோடு ஒரே எதிராளியுடன் நீண்ட நேரம் ஆடுவது இருவரும் விரும்பினால்தான் நடக்கும். பழக்கத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய உங்களுக்கு இது போதாது. பேட்டில் அரீனாவில் அறை திறந்து கடவுச்சொல் வைத்துவிடுங்கள். எட்டுப் பேர்வரை அந்த அறைக்குள் வரலாம், ஆடாதவர்கள் வேடிக்கை பார்க்கலாம். மூன்று உயிர், ஏழு நிமிடம், பொருள்கள் கிடையாது, மேடை ஆபத்துகள் அணைக்கப்பட்டவை என்று விதியை வைத்தால் போட்டிகளில் ஆடும் முறைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அருகில் இருப்பவர்களையே அழைத்தால் தாமதமும் குறையும். ஒரே ஆளோடு ஒரு மாலை முழுதும் ஆடிப் பாருங்கள். மூன்றாவது நான்காவது ஆட்டத்தில் அவர் எப்படித் தரையிறங்குகிறார் என்பது உங்களுக்கே பிடிபடத் தொடங்கும், அப்போதுதான் கணினியிடம் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

தோற்ற ஆட்டங்களை ரீப்ளேயாகச் சேமித்துவையுங்கள். முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டாம், நீங்கள் உயிர் இழந்த மூன்று இடங்களுக்கும் போய், அதற்குச் சற்று முன்னால் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்பதை மட்டும் பாருங்கள். விளையாட்டின் பதிப்பு மாறினால் பழைய ரீப்ளேக்கள் திறக்காது. பெரிய சமநிலை மாற்றங்கள் 2021 இறுதியோடு நின்றுவிட்டாலும் அதன் பிறகும் சிறு திருத்தங்கள் வந்திருக்கின்றன. ஆகவே வைத்துக்கொள்ள வேண்டியதை வீடியோவாக மாற்றி மெமரி கார்டில் போட்டுக்கொள்ளுங்கள். அடாப்டர் வந்ததும் அறை எண்ணைத் தனி மடலில் அனுப்புங்கள், நானும் வருகிறேன்.